எண் இல்லாத நீலக் கதவு

"மார்ச் 4, செவ்வாய். பாடிங்டன். ஹோட்டலின் பின்கட்டடம், நிலவறை, லினன் ரூம். சுவரில் பழைய தொலைபேசி ஒன்று, வேலை செய்கிறது. கைபேசிக்கு சிக்னல் இல்லை. ஒரு பெண் தனியாக வேலை செய்கிறார், ஆஸ்துமா உள்ளவர். பேசியவர்கள்: இருவர்."

என் நாட்குறிப்பில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். கடைசிச் சொற்களுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படும். தனியாக வாழத் தொடங்கிய பிறகு, அன்றன்று யாருடன் வாய் திறந்து பேசினேன் என்பதைப் பக்கத்தின் அடியில் குறித்து வைப்பது என் வழக்கம். கடையில் பணம் வாங்கும் இயந்திரத்தின் குரல் இதில் சேராது. இறங்கும்போது நான் சொல்லும் நன்றிக்குத் தலையாட்டும் பஸ் சாரதியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நெடுநாள் யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தேன். சனி, ஞாயிறுகளில் அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

நான் வேலை செய்வது தொலைபேசிகளைப் பராமரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில். பிரிட்டன் முழுவதும் பழைய செப்புக்கம்பி இணைப்புகளை நிறுத்திவிட்டு இணையத்தின் வழியே பேசும் தொலைபேசிகளுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாறுவதற்கு முன்னும் பின்னும் அலுவலகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் போய் ஒவ்வொரு தொலைபேசியிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்பது என் பங்கு. இதிலிருந்து ஒருவர், இங்கே ஆபத்தில் உதவி கேட்கும் எண்ணான 999ஐ அழுத்தினால் அழைப்பு போகுமா? போனால், இவர் இருக்கும் இடம் மறுமுனையில் சரியாகத் தெரியுமா?

இரண்டுமே நினைப்பதைவிடச் சிக்கலானவை. பல ஹோட்டல்களில் வெளியே பேச முதலில் ஒன்பதை அழுத்த வேண்டும். பதற்றத்தில் 999ஐ மட்டும் அழுத்தினால், சில பழைய இயந்திரங்கள் முதல் ஒன்பதை வெளி இணைப்புக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கும். மூச்சு முட்டுகிறவரும் தொலைபேசியைக் காதில் வைத்தபடி காத்திருப்பார். இடம் பற்றிய சிக்கல் வேறு மாதிரி. நூறு தொலைபேசிகள் இருந்தாலும், யாரும் தனித்தனியாகத் திருத்தாவிட்டால், எல்லாம் பில் போகும் முகவரியையே தங்கள் முகவரியாகக் காட்டும். புதிய தொலைபேசியை ஓர் அறையில் பிடுங்கி இன்னோர் அறையில் செருகினாலும் அது பழைய இடத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். 999 என்ற எண் 1937இல் இந்த லண்டன் நகரத்தில்தான் தொடங்கியது. ஏன் ஒன்பது என்பதற்கு நான் படித்த இரண்டு புத்தகங்கள் இரண்டு காரணங்களைத் தருகின்றன. இரண்டின் ஓரத்திலும் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

அந்த ஹோட்டலின் முன்வாசல் பெரிய வீதியில் இருக்கிறது. பின்கட்டடம் தனி. அதன் வாசல், முன்னொரு காலத்தில் குதிரை லாயங்கள் இருந்த ஒரு சந்தில் திறக்கிறது. அதை இங்கே மியூஸ் என்பார்கள். எங்களுக்கு ஒழுங்கை. இரண்டு கட்டடங்களுக்கும் இடையில் உள்ளே வழி கிடையாது. முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குப் போக, தெருவைச் சுற்றித்தான் வர வேண்டும். பின்வாசல் நீலக் கதவு. அதற்கு எண்ணும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. வெளுத்து வரும் படுக்கை விரிப்புகளை இறக்க மட்டுமே அது திறக்கும்.

நிலவறைக்கு இறங்கி, கம்பி எந்த வழியாகப் போகிறது என்று சுவரைத் தட்டிப் பார்த்து, வாய்விட்டே "சரி" என்று சொல்லிக்கொண்டேன். துவாய் அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தலையை நீட்டி, "தமிழோ அண்ணை?" என்று கேட்டார்.

ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஈஸ்ட் ஹாமில் வீடு. காலையில் வந்தால் மாலைவரை அந்த அறையில் அவர் மட்டும்தான். விரிப்புகளைப் பிரித்து, கிழிந்ததை ஒதுக்கி, துவாய்களை மடித்துத் தள்ளுவண்டிகளில் அடுக்குவார். வண்டிகளை லிப்டில் ஏற்றி மேலே அனுப்பினால் யாரோ எடுத்துக்கொள்வார்கள். அந்த யாரோவின் முகம் தனக்குத் தெரியாது என்றார். அறை முழுக்கப் பஞ்சுத் தூசு மிதந்துகொண்டிருந்தது. அவருடைய மேலங்கிப் பையில் நீல இன்ஹேலர் இருந்தது.

கடந்த குளிர்காலத்தில் ஒருநாள் அங்கேயே மூச்சு நின்றுவிடும் போலாகியிருக்கிறது. நல்ல வேளையாகச் சலவை நிறுவனத்தின் வான் சாரதி விரிப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார். தாங்கிப் பிடித்து ஒழுங்கைக்குக் கொண்டுபோய், தன் கைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

"அண்டைக்கு வியாழன் எண்டபடியா வான் வந்தது. மற்ற நாளெண்டா..." என்றபடி அடுத்த துவாயை எடுத்து மடித்தார்.

மற்ற நாள் என்றால் சுவரில் இருந்த அந்தத் தொலைபேசி ஒன்றுதான். ஆனால் அதை எடுத்துவிடுவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஹோட்டலின் பராமரிப்பு மேலாளர் திருச்சிக்காரர், என்னைவிட இருபது வயதாவது இளையவர். கெட்ட மனிதர் இல்லை. கூரை ஒழுகுவதிலிருந்து எலிப்பொறி வரைக்கும் எல்லாம் அவர் தலையில். தடித்த சுவரைத் துளைத்து நிலவறைக்குப் புதுக் கம்பி இழுப்பது அவருக்கு வீண் வேலையாகத் தெரிந்தது. "இப்ப யாரு சார் லேண்ட்லைன்ல பேசறா? எல்லார் கையிலயும் மொபைல் இருக்கு" என்றார். அவரை நிலவறைக்குக் கூட்டிப்போய், அவருடைய மொபைலையே எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். மொபைலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு துவாய்களுக்கு நடுவே ஒரு சுற்று வந்தார். பிறகு, "சரி சார், போன் இருக்கட்டும்" என்றார்.

கம்பி இழுத்தோம். புதுத் தொலைபேசி வந்தது. ஒன்பதை முதலில் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் 999 போகும்படி அமைத்தோம். சோதனை அழைப்பு மட்டும் மிச்சம்.

அதை நினைத்த நேரத்தில் செய்ய முடியாது. சேவை தருபவரிடம் முன்கூட்டியே சொல்லி நேரம் வாங்க வேண்டும். இணைப்புக் கிடைத்ததும், இது சோதனை, ஆபத்து எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழக்கமாக நானே பேசுவேன். அன்று அந்த லினன் ரூம் பெண்ணையே பேசச் சொன்னேன். தேவைப்படும் நாளில் பேசப் போவது நான் அல்லவே. எடுத்துப் பேச அவர் கூச்சப்பட்டார். மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்தபடி ஆங்கிலத்தில் சோதனை என்று சொன்னார். ஒலிபெருக்கியில் மறுமுனைப் பெண்ணின் குரல், எந்த முகவரியிலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டது.

அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. வீட்டு எண், தெருப்பெயர், ஈஸ்ட் ஹாம், லண்டன், தபால் குறியீடு, கடைசி இரண்டு எழுத்துகளுக்கு 'ஏ ஃபார் ஆப்பிள்' போன்ற அடையாளச் சொற்கள் என்று வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவர் பேசியதில் அவ்வளவு சரளமான ஆங்கிலத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

தன் திரையில் வேறு முகவரி இருப்பதாக மறுமுனைப் பெண் சொன்னார். வாசித்தும் காட்டினார். அது பெரிய வீதியில் இருக்கும் ஹோட்டல் முன்வாசலின் முகவரி. நான் தொலைபேசியை வாங்கி, இப்படி இரண்டு முகவரிகள் வந்தால் எதை நம்புவீர்கள் என்று கேட்டேன். அழைப்பவர் வாயால் தெளிவாகச் சொல்வதைத்தான் பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்வோம் என்றார்.

ஆக, திரை ஒரு தவறான இடத்தைக் காட்டியது. அவர் சொன்னதோ நகரத்தின் மறுகோடி. நீலக் கதவு இரண்டிலும் இல்லை.

தொலைபேசியை வைத்த பிறகு, வீட்டை அல்ல, இந்த இடத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். அவர் புரியாமல் பார்த்தார். "அட்ரஸ் எண்டு கேட்டா அதுதானே அண்ணை? வேற எந்த அட்ரஸ் எனக்கு இருக்கு? இஞ்ச நான் இருக்கேல்லை, வேலைதானே செய்யிறன்."

பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வந்த நாளிலிருந்து குடிவரவு அலுவலகம், கவுன்சில், டாக்டர், பள்ளிக்கூடம், வங்கி என்று யார் கேட்டாலும் எங்கள் ஆட்கள் தட்டாமல் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் ஆங்கிலம் அதுதான். சரியாகச் சொல்லாவிட்டால் கடிதம் வராது; கடிதம் வராவிட்டால் இங்கே இருக்க முடியுமா என்பதே தெரியாத காலம் ஒன்று இருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் நானும் அதையே சொல்வேன். என் வேலையில் கம்பியைச் சோதிக்க வழி உண்டு, இதைச் சோதிக்க வழி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

தொலைபேசிக்கு மேலே பெரிய எழுத்தில் ஓர் அட்டை ஒட்டினேன். மூச்சு முட்டும்போது கண்ணாடியைத் தேடி எடுத்து வாசிக்க ஏலாது என்று அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. மனப்பாடம் செய்வது என்று முடிவானது. ஹோட்டலின் பெயர், பின்கட்டடம், ஒழுங்கையின் பெயர், நிலவறை. ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "நீலக் கதவெண்டும் சொல்லட்டோ? அந்த ஒழுங்கையில வேற நீலக் கதவு இல்லை" என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன்.

அதன் பிறகு சில வாரங்கள் முன்கட்டடத்தில் அறை அறையாக வேலை இருந்தது. ஒவ்வோர் அறையிலும் தொலைபேசியைச் சோதிக்க உள்ளே ஏதாவது ஓர் எண்ணுக்குப் பேச வேண்டும். வரவேற்பு மேசைக்குப் பேசுவதுதான் வழக்கம். நான் லினன் ரூமுக்குப் பேசினேன். எடுத்ததும், "எங்கேயிருந்து பேசுறியள்?" என்று கேட்பேன். அவர் ஒப்பிப்பார். முதல் நாட்களில் பாதியில் ஈஸ்ட் ஹாமுக்குப் போய்விடுவார். பிறகு பாடிங்டனிலேயே நின்றார்.

"பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிக் கேக்கிறியள் அண்ணை. பிழையாச் சொன்னா அடிப்பியளோ?"

மேலாளர் ஒருநாள் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "நீங்க போனை டெஸ்ட் பண்றீங்களா சார், இல்ல அக்காவை டெஸ்ட் பண்றீங்களா?" என்றார். இரண்டையும் என்றேன். உண்மையில் மூன்றாவதும் ஒன்று இருந்தது. அந்த வாரங்களில் என் நாட்குறிப்பின் அடிப்பகுதி வெறுமையாக இருந்ததே இல்லை.

ஒருநாள் அவர் கேள்வியைத் திருப்பிவிட்டார். "அண்ணை, நீங்கள் எங்க இருந்து பேசுறியள்?"

நான் மூன்றாம் மாடி அறை எண்ணைச் சொன்னேன்.

"அது இல்லை. வீடு எங்க?"

"இல்ஃபோர்ட்."

"வீட்டில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான்."

மடித்த துவாயை அவர் தட்டி வைக்கும் ஓசை கேட்டது. "அப்ப உங்களுக்கு ஏதும் எண்டா ஆர் போன் எடுக்கிறது?"

அந்தக் கேள்வி எங்கள் சோதனைப் பட்டியலில் இல்லை. அடுத்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த அறையிலிருந்து வரவேற்புக்குப் பேசினேன்.

இதற்கிடையே திரையில் தெரியும் முகவரியைத் திருத்தும் வேலை இழுத்துக்கொண்டே போனது. நீலக் கதவுக்கு எண் இல்லாததால் முகவரிப் பட்டியல் எதிலும் அது இல்லை. பட்டியலில் இல்லாததைப் பதிய, ஹோட்டலின் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும் என்றது சேவை தரும் நிறுவனம். கையெழுத்து மேலாளருக்கு மேலே உள்ளவரிடம் போய்த் திரும்பி வர நாளானது. கடைசியில், ஒழுங்கையின் பெயரோடு "சேவை நுழைவாயில், நிலவறை" என்று பதிய ஒப்புக்கொண்டார்கள். நீலக் கதவு என்பதையும் சேர்க்கக் கேட்டேன். நிறங்களைப் பதிவதில்லை, கதவுகளுக்கு அடிக்கடி வண்ணம் மாற்றுவார்கள் என்று பதில் வந்தது. ஏப்ரல் 10, வியாழக்கிழமை, திருத்தத்தை ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தது. அடுத்த வேலைநாளுக்குள் நடைமுறைக்கு வரும் என்று அதில் இருந்தது. மறுபடி ஒரு சோதனை அழைப்புக்குத் திங்கட்கிழமை நேரம் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை நான் வேறோர் அலுவலகத்தில் இருந்தேன். பின்னேரம் மேலாளர் தொலைபேசியில் பேசினார். அக்காவுக்கு முடியாமல் போய், நிலவறையிலிருந்து அவரே 999க்குப் பேசியிருக்கிறார். ஆம்புலன்ஸ் நேராக ஒழுங்கைக்கு வந்திருக்கிறது. முன்வாசலில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆம்புலன்ஸின் நீல விளக்கைப் பார்த்த பிறகுதான் மேலாளரே ஓடியிருக்கிறார். ஆக்சிஜன் வைத்துத் தூக்கிப் போனார்களாம். ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"சிஸ்டம் வேலை செஞ்சிருச்சு சார்" என்றார். குரலில் பெருமை இருந்தது. எனக்கு அப்போது நிம்மதி மட்டும்தான்.

இல்ஃபோர்ட்டில் ரயிலிலிருந்து இறங்கும்போது அந்த நிம்மதிக்குள் ஒரு கேள்வி புகுந்துகொண்டது. திருத்தம் வெள்ளிக்கிழமைக்குள் நடைமுறைக்கு வரும் என்றார்கள். அந்த நாளில் எந்த நேரத்திலிருந்து என்று சொல்லவில்லை. அவர் பேசியபோது திரையில் இருந்தது பழைய முகவரியா, புதியதா? பழையது என்றால் ஒழுங்கைக்கு வழி சொன்னது அவர். மூச்சு இல்லாத நேரத்தில், ஈஸ்ட் ஹாமைத் தாண்டி வந்து, சரியான இடத்தைச் சொல்லியிருக்கிறார்.

சேவை தரும் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டேன். திருத்தம் வெள்ளிக்கிழமை நடைமுறைக்கு வந்தது என்று ஒரு வரி பதில் வந்தது. நேரத்தைக் கேட்டு மறுபடி எழுதினேன். அந்த விவரம் தங்களிடம் இல்லை என்றார்கள். 999 அழைப்பின் ஒலிப்பதிவு எனக்குத் தரக்கூடியது இல்லை, தரக் கூடாததும்கூட. திங்கட்கிழமைச் சோதனை அழைப்பை நானே செய்தேன். திரையில் முகவரி சரியாக இருந்தது. அது திங்கட்கிழமையைப் பற்றி மட்டுமே எதையாவது சொல்லும்.

அவர் திரும்பி வேலைக்கு வரவில்லை. பஞ்சுத் தூசு பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறார் என்று மேலாளர் சொன்னதைக் கேட்டு, ஒரு சனிக்கிழமை போனேன். முருங்கைக்காயும் கருவேப்பிலையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். கல்லாவில் அவர்; முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஹோட்டல் பின்கட்டடம், நிலவறை, நீலக் கதவு" என்றார்.

அன்றைக்கும் இதைத்தான் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"மூச்சு வராத நேரம் நான் என்னத்தைச் சொன்னனோ, தெரியாது அண்ணை. ஈஸ்ட் ஹாம் எண்டு சொன்னனோ என்னவோ. போனில அந்தப் பிள்ளை கதைச்சுக்கொண்டே இருந்தது, அது மட்டும் ஞாபகம். வைச்சிட்டுப் போகேல்லை." பிறகு, முருங்கைக்காயைத் தாளில் சுற்றியபடி, "நீங்கள் ஏதும் ஒழுங்கு செய்தனீங்களோ? உங்கட வீட்டுக்கு?" என்று கேட்டார்.

பார்க்கிறேன் என்றேன். பின்னால் நின்றவர் தன் கூடையை மேசையில் வைத்தார். முருங்கைக்காயை என்னிடம் தந்துவிட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பி, பை வேண்டுமா என்று கேட்டார். அன்றைய பக்கத்தின் அடியில் இருப்பது: "பேசியவர்கள்: ஒருவர்."

இப்போது லினன் ரூமில் வேறொருவர் வேலை செய்கிறார். முறைப்படி சோதனைக்கு அழைத்து எங்கேயிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டால், அட்டையைப் பார்த்துச் சரியாக வாசிக்கிறார். வாசித்ததும் வைத்துவிடுகிறார். கதவுக்கு மேலாளர் கோடையில் சாம்பல் நிறம் பூசச் சொன்னார். பதிவில் நிறத்தைச் சேர்க்காதது நல்லதாகப் போயிற்று என்று சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான், பேச்சோடு பேச்சாக, இன்னொன்றையும் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை ஒழுங்கையில் குப்பைத் தொட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவரிடம் ஆம்புலன்ஸ்காரர்கள் வழி கேட்டார்களாம். "நீலக் கதவு எது?" என்று கேட்டார்களாம். அந்த ஊழியர் மேலாளரிடம் சொல்லியிருக்கிறார்.

நிறம் பதிவில் இல்லை. ஆகவே இது உண்மையென்றால், திரையில் என்ன இருந்திருந்தாலும், அந்தச் சொல்லைச் சொன்னவர் அவர்தான். நான் அதை நம்பத்தான் விரும்புகிறேன், அதனாலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊழியர் இப்போது அங்கே வேலையில் இல்லை. எங்கே போனார் என்று ஹோட்டலில் யாருக்கும் தெரியவில்லை. அவர் காதால் கேட்டதை நான் கேட்டது மேலாளரின் வாயால் மட்டுமே. ஆம்புலன்ஸ்காரர்கள் நீலக் கதவைக் கேட்டார்கள் என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.